துதியின் வடிவும் ஒரே கடவுளும்: நான்காம் நூற்றாண்டுத் திரித்துவ வழக்கு

கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் ஒரு சமயம், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவரை வணங்குவது எவ்வாறு பொருந்தும் என்னும் கேள்வி கிறிஸ்தவத்தின் மீது முதலில் யூதர்களாலும் பின்னர் இஸ்லாமியர்களாலும் எழுப்பப்பட்டது. ஆயினும் அக்கேள்வி மிகக் கூர்மையாக எழுப்பப்பட்டது கிறிஸ்தவர்களுக்குள்ளேயேதான், அதுவும் கி.பி. நான்காம் நூற்றாண்டில்தான். ஒரே இறைத்தன்மை பிரிவுபடாமல் மூன்று ஆள்களில் முழுமையாக இருக்கிறது என்னும் கோட்பாடு திரித்துவம் எனப்படும். இக்கோட்பாடு உருவான வரலாறு, பேரரசர்கள் கூட்டிய சங்கங்களின் வரலாறாகவும், கிரேக்கத் தத்துவச் சொற்களைப் பற்றிய வாதங்களின் வரலாறாகவுமே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. சங்கங்கள் கூடியதும் சொற்களுக்காக ஆயர்கள் மோதிக்கொண்டதும் உண்மையே. ஆனால் எளிய மக்கள் அந்த வழக்கில் ஏன் அவ்வளவு ஆவேசத்தோடு இறங்கினார்கள் என்பதை அறிய வேண்டுமானால், அவர்கள் நாள்தோறும் வாயால் சொன்ன துதிமொழியைப் பார்க்க வேண்டும். சங்கீதம் பாடி முடித்ததும், மன்றாட்டை நிறைவு செய்ததும், கடவுளுக்கு மகிமை கூறிச் சொல்லும் சிறு வாசகமே துதிமொழி. அந்த வாசகத்தில் ஒரு வேற்றுமையுருபு மாறினாலும் கடவுளைப் பற்றிய நம்பிக்கையே மாறிவிடுமோ என்று ஒரு தலைமுறை முழுவதும் அஞ்சியது.

அந்த அச்சத்தின் வேர் யூத சமயத்தில் இருக்கிறது. காலையும் மாலையும் யூதர்கள் சொல்லும் 'ஷெமா' என்னும் அறிக்கை, உபாகமம் ஆறாம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆண்டவர் ஒருவரே என்பதே அதன் உயிர்நாடி. எல்லாக் கட்டளைகளிலும் முதன்மையானது எது என்று கேட்கப்பட்டபோது இயேசு இதே அறிக்கையை எடுத்துச் சொன்னதாக மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் கூறுகிறது. முதல் கிறிஸ்தவர்கள் யூதர்களாகவே இருந்தார்கள். அந்த அறிக்கையை அவர்கள் கைவிடவில்லை. அதே வேளையில் அவர்கள் இயேசுவை ஆண்டவர் என்று அழைத்தார்கள், அவர் பெயரைச் சொல்லி மன்றாடினார்கள். ஏறத்தாழ கி.பி. 112இல், இன்றைய துருக்கியின் வடபகுதியான பித்தினியா-பொந்துவில் ஆளுநராக இருந்த இளைய பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய மடலில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகக் கருதி மாறிமாறிப் பாடுகிறார்கள் என்று அறிவித்தார். தாம் விசாரித்து அறிந்ததை வெளியாள் ஒருவர் எழுதிவைத்த அந்தக் குறிப்பு, கோட்பாடு பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வழிபாடு எந்த இடத்தை எட்டியிருந்தது என்பதற்குச் சான்று. திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் மூவர் பெயரால் கொடுக்கப்பட்டது. மத்தேயு நற்செய்தியின் இறுதியில் காணப்படும் இக்கட்டளையை, 'திதாக்கே' என்னும் தொன்மையான திருச்சபைக் கையேடும் கூறி, ஓடும் நீரோ வேறு நீரோ போதிய அளவு கிடைக்காவிட்டால் தலையில் மும்முறை நீர் ஊற்றலாம் என்று வழிகாட்டுகிறது. ஆக, கடவுள் ஒருவர் என்னும் அறிக்கையும் மூவர் பெயரால் திருமுழுக்கும் ஒரே சமூகத்தில் அருகருகே வாழ்ந்தன. இரண்டையும் இணைத்துச் சொல்லும் மொழி இன்னும் பிறக்கவில்லை.

அம்மொழியைத் தேடும் முயற்சி மூன்றாம் நூற்றாண்டில் பல வழிகளில் நடந்தது. கடவுள் ஒருவரே என்பதைக் காப்பாற்ற விரும்பியவர்களில் ஒரு சாரார், அந்த ஒருவரே பிதாவாகவும் குமாரனாகவும் ஆவியாகவும் தோன்றினார் என்றனர். உரோமையில் கற்பித்த சபெல்லியுஸின் பெயரால் இது சபெல்லியம் எனப்பட்டது. இதன்படி சிலுவையில் துன்புற்றவர் பிதாவே என்றாகும்; இயேசு பிதாவை நோக்கிச் செய்த மன்றாட்டெல்லாம் தம்மோடு தாமே பேசிக்கொண்டதாகிவிடும். மற்றொரு சாரார், இயேசு மனிதரே, கடவுளின் ஆற்றல் அவர்மீது இறங்கியது என்றனர்; இவ்வாறு கற்பித்த சமோசாத்தா பவுல் 268இல் அந்தியோக்கியா சங்கத்தில் கண்டிக்கப்பட்டார். கார்த்தேஜ் நகரின் தெர்த்துல்லியன் இலத்தீனில் எழுதி, ஒரே பொருள், மூன்று ஆள்கள் என்னும் வாய்பாட்டை வகுத்தார். அலெக்சாந்திரியாவின் பேரறிஞர் ஓரிகன், குமாரன் பிதாவிடமிருந்து காலமின்றி என்றென்றும் பிறக்கிறார் என்று கூறினார். ஆயினும் மன்றாட்டைப் பற்றி அவர் எழுதிய நூலில், முழுப் பொருளில் மன்றாட்டு என்பது பிதா ஒருவருக்கே உரியது, அது குமாரன் வழியாகச் செல்ல வேண்டும் என்றும் வரையறுத்தார். அவருடைய சிந்தனையில் அடங்கியிருந்த இந்த இரு இழைகளும் பிற்காலத்தில் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற இரு கட்சிகளுக்கும் ஆதாரமாயின.

கி.பி. 318ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வழக்கு வெடித்தது. பவுக்காலிஸ் என்னும் பகுதியின் ஆலயத்தில் குருவாக இருந்த ஆரியுஸ், தம் ஆயர் அலெக்சாந்தரின் போதனையை மறுத்துப் பேசினார். கடவுள் என்பவர் பிறப்பிலி, தொடக்கமற்றவர், எதிலிருந்தும் வராதவர். குமாரனோ பிதாவிடமிருந்து வந்தவர். எனவே குமாரன் பிறப்பிலி அல்லர், அவருக்குத் தொடக்கம் உண்டு, இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்ட முதற்படைப்பு அவரே என்பது ஆரியுஸின் வாதம். நீதிமொழிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் ஞானம் தன்னை ஆண்டவர் உண்டாக்கியதாகச் சொல்லும் இடத்தை அவர் தரப்பினர் முதன்மைச் சான்றாகக் காட்டினர். மாலுமிகளும் மாவரைப்போரும் வழிப்போக்கரும் பாடத்தக்க பாடல்களில் ஆரியுஸ் தம் கருத்தை அமைத்ததாக, அவர் தரப்பையே சார்ந்த வரலாற்றாசிரியர் பிலஸ்தோர்கியுஸ் எழுதியுள்ளார். பிற்காலத் திருச்சபை நூல்கள் ஆரியுஸைக் கடவுளின் எதிரியாகத் தீட்டிவிட்டன; அது நேர்மையான சித்திரமாகாது. அவர் காக்க நினைத்ததும் கடவுள் ஒருவரே என்னும் உண்மையைத்தான். பிறப்பிலிகள் இருவர் இருக்க முடியாது என்பதில் அவருக்கு இருந்த உறுதி, எந்த யூத ரபிக்கும் குறைந்ததன்று.

அப்படியானால் அவரை எதிர்த்தவர்கள் எதைக் காக்க நினைத்தார்கள்? இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடையைத் தந்தவர் 328 முதல் 373 வரை அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த அத்தனாசியுஸ். குமாரன் படைப்பு என்றால், கிறிஸ்தவர்கள் ஒரு படைப்பை வணங்குகிறார்கள் என்றாகிறது. படைப்பை வணங்குவது சிலைவழிபாடு. அப்போது கிரேக்கப் பலதெய்வ வழிபாட்டிற்கும் கிறிஸ்தவத்திற்கும் என்ன வேறுபாடு என்று அவர் வினவினார். ஆரியுஸின் தரப்பினர் குமாரனை வணங்குவதை நிறுத்தவில்லை. அவர் பெயரால் திருமுழுக்குக் கொடுப்பதையும் விடவில்லை. ஆகவே படைக்கப்படாத ஒரு பெரிய கடவுள், படைக்கப்பட்ட ஒரு சிறிய கடவுள் என இரண்டு கடவுள்களை அறிமுகம் செய்பவர்கள் அவர்களே என்பது அத்தனாசியுஸின் குற்றச்சாட்டு. ஏகத்துவத்தின் பெயரால் தொடுக்கப்பட்ட வாதத்தை, வழிபாட்டு வழக்கத்தைச் சான்றாக நிறுத்தி, அதே ஏகத்துவத்தின் பெயரால் அவர் திருப்பிவிட்டார். மறுக்கக் கடினமான வாதம் இது. வணக்கம் கடவுளுக்கு மட்டுமே உரியதென்றால், வணங்கப்படுபவர் கடவுளின் தன்மைக்கு வெளியே நிற்க முடியாது; கடவுளின் தன்மைக்கு வெளியே நிற்பவரானால் அவரை வணங்கக் கூடாது. நடுவழி இல்லை.

324இல் எதிரி லிக்கீனியுஸை வென்று முழுப் பேரரசையும் தம்கீழ் கொண்டுவந்த பேரரசர் கான்ஸ்டன்டைன், இச்சச்சரவைத் தீர்க்க 325இல் நைசீயாவில் ஆயர்களைக் கூட்டினார். அவ்வூர் இன்று துருக்கியின் இஸ்னிக். கூடியவர்கள் 318 பேர் என்பது மரபு வழிவந்த எண். ஆபிரகாமின் வீட்டிலிருந்து போருக்குச் சென்ற ஆள்களின் எண்ணிக்கையோடு அது ஒத்திருப்பதால் விரும்பப்பட்டது. நேரில் கலந்துகொண்ட செசரியா ஆயர் யூசேபியுஸ் 250க்கு மேல் என்கிறார். குமாரன் பிதாவோடு 'ஓமோஊசியோஸ்', அதாவது ஒரே தன்மையுடையவர் என்னும் சொல்லைச் சேர்த்து ஒரு விசுவாசப் பிரமாணம் வரையப்பட்டது. லிபியாவின் ஆயர்கள் செக்குந்துஸ், தெயோனாஸ் ஆகிய இருவர் மட்டும் மறுத்து ஆரியுஸோடு நாடுகடத்தப்பட்டனர். ஆனால் கையெழுத்திட்ட பலருக்கும் அச்சொல் தொண்டையில் முள்ளாகவே இருந்தது. அது மறைநூலில் இல்லாத சொல். சபெல்லியத்தின் வாடை அதில் வீசுவதாகக் கிழக்கத்திய ஆயர்கள் பலர் ஐயுற்றனர். பரிசுத்த ஆவியைப் பற்றி அப்பிரமாணம் ஆவியையும் நம்புகிறோம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஐம்பது ஆண்டுகள் குழப்பத்தின் ஆண்டுகள். கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்டியுஸ் காலத்தில் சங்கத்துக்குமேல் சங்கம் கூடியது. ஆயர்கள் கூட்டங்கூட்டமாக அரசுக் குதிரைகளில் அங்குமிங்கும் விரைந்ததால் பேரரசின் அஞ்சல் போக்குவரத்தே தளர்ந்துபோனது என்று கிறிஸ்தவரல்லாத வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் குறிப்பிடுகிறார். அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார்; தம் 45 ஆண்டு ஆயர் பணியில் ஏறத்தாழ 17 ஆண்டுகளை அவர் திரியர் நகரிலும் உரோமையிலும் எகிப்தியப் பாலைவனத் துறவிகளிடையிலும் கழித்தார். அச்சங்கங்கள் வெளியிட்ட பிரமாணங்களின் நுண்ணிய வேறுபாடுகளைப் பட்டியலிட்டால் அது தனி நூலாக நீளும். அவற்றைவிட, அதே ஆண்டுகளில் சிரியாவின் அந்தியோக்கியாவில் நடந்தது இவ்வழக்கின் உள்ளியல்பைத் தெளிவாகக் காட்டும்.

அந்தியோக்கியாவின் ஆயராக 344ஐ ஒட்டிப் பொறுப்பேற்ற லெயோந்தியுஸ் ஆரியுஸின் தரப்பிற்கு நெருக்கமானவர். ஆனால் நகரத்து மக்களில் பெரும்பகுதியினர் நைசீயாவின் பக்கம் நின்றார்கள். வழிபாட்டில் சங்கீதம் முடிந்து துதிமொழி வரும் நேரத்தில், ஒரே கூரையின்கீழ் நின்றவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார் பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை என்று மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்திச் சொன்னார்கள். மற்றவர்கள் பிதாவுக்கு, குமாரன் வழியாக, பரிசுத்த ஆவியில் மகிமை என்று படிப்படியாக இறங்கும் வடிவத்தைச் சொன்னார்கள். ஆயர் எவ்வடிவத்தைச் சொல்கிறார் என்று எல்லோரும் காதைத் தீட்டிக் காத்திருக்க, லெயோந்தியுஸ் துதிமொழியின் முற்பகுதியை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து, ஊழியூழிக்காலமும் என்னும் இறுதிப் பகுதியை மட்டும் உரக்கச் சொல்வாராம். அருகில் நின்றவர்களுக்குக்கூட மற்றது கேட்காது. நைசீயா தரப்பு வரலாற்றாசிரியர்களான தெயோதொரேத்தும் சொசோமெனும் இச்செய்தியைத் தருகிறார்கள். பொதுநிலையினராக இருந்த பிளாவியன், தியோதோர் என்னும் இருவர் மக்களை இரு அணிகளாகப் பிரித்து, சங்கீதங்களை எதிரெதிராகப் பாடும் முறையை அங்கே வளர்த்தார்கள். ஒவ்வொரு சங்கீதத்தின் முடிவிலும் மூவரையும் ஒருங்கே போற்றும் துதிமொழி முழங்கியது. அதுவரை பிற வடிவங்களே வழங்கின, இவ்வடிவத்தை முதன்முதல் முழக்கியவர் பிளாவியனே என்று எதிர்த்தரப்பின் பிலஸ்தோர்கியுஸ் குறைகூறுகிறார். யார் முந்தியவர் என்பதில் இரு தரப்புக்கும் கருத்துவேறுபாடு இருக்கலாம். துதிமொழியே கட்சிக்கொடியாக இருந்தது என்பதில் இரு தரப்பு நூல்களும் ஒன்றுபடுகின்றன. இன்று தமிழ்க் கத்தோலிக்கர் செபமாலையில் ஒவ்வொரு பத்து மணியின் முடிவிலும் சொல்வதும், தென்னிந்தியத் திருச்சபையினர் சங்கீதத்தின் முடிவில் சொல்வதும் அந்தியோக்கியாவில் அன்று முழங்கிய அவ்வடிவத்தின் வழிவந்ததே.

இவ்வழக்கு முழு ஆழத்தோடு ஆராயப்பட்டது கப்பதோக்கியாவில், அதாவது இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில். அந்நாட்டிலிருந்த செசரியாவின் ஆயர் பேசில் 374ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு திருவிழாவில் வழிபாடு நடத்தியபோது துதிமொழியை இரு வடிவங்களிலும் சொன்னார்: ஒருமுறை குமாரன் வழியாகப் பரிசுத்த ஆவியில் என்றும், மற்றொருமுறை குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும் என்றும். கூடியிருந்தவர்களில் சிலர், இது புதுமை, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று குறைகூறினர். இக்கோனியத்தின் ஆயர் அம்பிலோக்கியுஸ் விளக்கம் கேட்க, பேசில் அவருக்கு எழுதிய மறுமொழியே 'பரிசுத்த ஆவியைப் பற்றி' என்னும் நூல். எதிர்த்தரப்பினர் நுட்பமான ஒரு கொள்கையை வைத்திருந்தார்கள்: இலக்கணத்தில் வேறு உருபு வருமானால் பொருளின் தன்மையும் வேறு, பிதாவுக்குரிய உருபு வேறு, குமாரனுக்குரியது வேறு, ஆவிக்குரியது வேறு, எனவே மூன்று தன்மைகள். பேசில் மறைநூலை வரிவரியாக எடுத்து, அதே உருபுகள் மூவருக்கும் மாறிமாறி வருவதைக் காட்டினார். கடவுளிடமிருந்து மனிதருக்கு வரும் அருளைப் பேசும்போது 'வழியாக' என்பது பொருந்தும், கடவுளுக்குரிய மாட்சியைப் பேசும்போது 'ஓடு' என்பது பொருந்தும், இரண்டும் ஒரே நம்பிக்கையின் இரு பார்வைகள் என்பது அவர் முடிவு. மெசப்பொத்தாமிய மக்களின் மொழியில் மூவரையும் 'உம்' போட்டு இணைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்று அந்நாட்டார் ஒருவர் தமக்குச் சொன்னதையும் அவர் சான்றாகச் சேர்த்துக்கொண்டார்.

நூலின் அடித்தளமோ இலக்கணத்தைக் கடந்தது. திருமுழுக்கில் எப்படிப் பெற்றோமோ அப்படியே நம்ப வேண்டும், எப்படி நம்புகிறோமோ அப்படியே துதிக்க வேண்டும் என்பதைப் பேசில் தம் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். மூவர் பெயரையும் ஒன்றாகச் சொல்லித் திருமுழுக்குக் கொடுத்துவிட்டு, துதிக்கும்போது அவர்களைப் பிரித்து வரிசைப்படுத்துவது எப்படி நேர்மையாகும்? எழுதப்படாத மரபுகளுக்கும் அவர் இடமளித்தார்: கிழக்கு நோக்கி மன்றாடுவது, சிலுவை அடையாளம் இடுவது, திருமுழுக்கில் மும்முறை மூழ்குவது ஆகியவற்றை எழுத்தில் யார் கட்டளையிட்டார்கள் என்று கேட்டார். மாலையில் விளக்கேற்றும்போது மக்கள் பாடும் பழம்பாடல் ஒன்றையும் குறிப்பிட்டு, அதை இயற்றியவர் யாரென்று தெரியாவிட்டாலும் பிதாவையும் குமாரனையும் ஆவியையும் சேர்த்தே மக்கள் வெகுகாலமாகப் போற்றி வருகிறார்கள் என்று எடுத்துக்காட்டினார். ஆயர்களும் தத்துவ அறிஞர்களும் சொற்போர் நடத்திய வழக்கில், விளக்கேற்றும் வீட்டாரின் வாய்மொழி சாட்சியாக அழைக்கப்பட்டது போற்றத்தக்கது. இத்தனைக்குப் பிறகும் பேசில் அந்நூலில் ஆவியைக் 'கடவுள்' என்று நேரடியாக எழுதவில்லை. எதிரிகள் அவரை ஆயர் பதவியிலிருந்து அகற்றக் காத்திருந்ததால் அவர் அடக்கம் காட்டினார் என்று நண்பர் நசியான்சுவின் கிரகோரி பின்னர் விளக்கினார். ஆவி பிதாவோடு சமமாகப் போற்றப்படுகிறார் என்று ஒப்புக்கொள்பவர், அச்சொல்லை ஒருநாள் தாமே சொல்லிவிடுவார் என்பதும் பேசிலின் எதிர்பார்ப்பாக இருந்திருக்க வேண்டும்.

எஞ்சியது ஒரே ஒரு பெரிய வினா. பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரும் மனிதத்தன்மையில் ஒன்றே. ஆனாலும் அவர்களை மூன்று மனிதர் என்கிறோம். அப்படியானால் இறைத்தன்மையில் ஒன்றான மூவரை மூன்று கடவுள்கள் என்று ஏன் சொல்லக் கூடாது? அப்லாபியுஸ் என்பவர் எழுப்பிய இவ்வினாவுக்குப் பேசிலின் தம்பி, நிசாவின் கிரகோரி தனி நூலாகவே விடையளித்தார். மூன்று உழவர்கள் தனித்தனி நிலத்தை உழுகிறார்கள், மூன்று சொற்பொழிவாளர்கள் தனித்தனியே பேசுகிறார்கள். ஒருவர் செயல் மற்றவர் செயலன்று. கடவுளின் செயலோ அப்படிப் பிரிவதில்லை. அது பிதாவிடமிருந்து தொடங்கி, குமாரன் வழியாகச் சென்று, ஆவியில் நிறைவுறும் ஒரே செயல். 'கடவுள்' என்னும் பெயர் அச்செயலைக் கொண்டே வழங்கப்படுவதால், செயல் ஒன்றாகும்போது கடவுளும் ஒருவரே என்றார் கிரகோரி. இவ்விடையில் ஒரு நயம் உண்டு: எதிர்த்தரப்பு தாழ்வுப்படிகளாகக் கண்ட 'வழியாக', 'ஆவியில்' என்னும் அதே வடிவம், கிரகோரியின் கையில் ஒருமையின் சான்றாக மாறிவிட்டது. இந்த விளக்கம் எல்லா ஐயத்தையும் தீர்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது. கடவுளின் தன்மை மனித அறிவுக்கு எட்டாதது என்பதைக் கிரகோரியே வலியுறுத்தியவர். ஆனால் மூவரை வணங்குவோர் ஒரே கடவுளை வணங்குகிறார்கள் என்று சொல்வதற்கு அறிவுக்கு ஒவ்வாத எதையும் ஏற்க வேண்டியதில்லை என்பதை அது நிறுவியது.

பேசில் 379இல் மறைந்தார். அதே ஆண்டு நசியான்சுவின் கிரகோரி, ஆரியுஸ் தரப்பினரின் கையில் இருந்த கான்ஸ்டான்டிநோபிளுக்குச் சென்று, அனஸ்தாசியா என்று பெயரிட்ட சிறு வழிபாட்டிடத்தில், திரித்துவத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஐந்து சொற்பொழிவுகளை ஆற்றினார். அவற்றுள் ஐந்தாவதில் பேசில் தயங்கிய சொல்லைத் தயங்காமல் சொல்லி, ஆவி கடவுளே என்றார். 380 பிப்ரவரியில் பேரரசர் தெயோதோசியுஸ் தெசலோனிக்காவிலிருந்து வெளியிட்ட ஆணை, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகியோரின் ஒரே இறைத்தன்மையை நம்புவதைக் குடிமக்களுக்குக் கட்டாயமாக்கியது. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய 150 ஆயர்களின் சங்கத்தோடு தொடர்புடையதாக வழங்கும் பிரமாணம், ஆவியைப் பற்றிச் சொல்லும் பகுதியில் 'ஒரே தன்மையுடையவர்' என்னும் சர்ச்சைக்குரிய சொல்லைக் கையாளவில்லை. பிதாவோடும் குமாரனோடும் சேர்த்து வணங்கப்படுபவர், மகிமைப்படுத்தப்படுபவர் என்றே ஆவியைக் குறித்தது. பேசிலின் துதிமொழி அப்படியே பிரமாணத்துக்குள் வந்து அமர்ந்தது. தத்துவச் சொல்லுக்குப் பதிலாக வழிபாட்டுச் சொல்லை அச்சங்கம் தேர்ந்தெடுத்தது, அதன் மிகச் சிறந்த முடிவு எனலாம்.

அரசாணையின் மற்றொரு பக்கத்தை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. கான்ஸ்டான்டிநோபிளின் ஆரியுஸ் தரப்பு ஆயர் தெமோபிலுஸ் 380 நவம்பரில் வெளியேற்றப்பட்டார். அவரைப் பின்பற்றியோர் நகருக்குள் ஆலயமின்றி ஆனார்கள். யொவான் கிறிசோஸ்தோம் ஆயராக இருந்த காலத்தில், அவர்கள் வார இறுதி இரவுகளில் நகரின் தூண் மண்டபங்களில் கூடி, எதிரெதிர் அணிகளாகப் பாடல்கள் பாடி, மூவரும் ஒரே ஆற்றல் என்பவர்கள் எங்கே என்று பாட்டாலேயே அறைகூவினார்கள். கிறிசோஸ்தோம் தம் மக்களையும் இரவுப் பவனிகளில் பாட அனுப்பினார். மெழுகுவத்திகள் ஏந்திய வெள்ளிச் சிலுவைகளுக்கான செலவை அரசி யூதோக்சியா ஏற்றார். பாட்டுப்போட்டி கைகலப்பாகி இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. அதன்பின் ஆரியுஸ் தரப்பினர் பொதுவிடத்தில் பாடுவதை அப்போதைய பேரரசர் தடைசெய்தார். வாதத்தால் வென்ற ஒரு நம்பிக்கைக்குத் தடையாணையின் துணை தேவைப்பட்டதாக அரசு நினைத்தது அந்நம்பிக்கைக்குப் பெருமை சேர்க்கவில்லை.

பேரரசுக்குள் ஒடுங்கிய அந்தத் தரப்பு, எல்லைக்கு அப்பால் நெடுங்காலம் வாழ்ந்தது. கோத்தியர்களுக்காக எழுத்துமுறை வகுத்து மறைநூலை அவர்கள் மொழியில் பெயர்த்த ஆயர் உல்பிலாஸ், குமாரன் பிதாவுக்குக் கீழ்ப்பட்டவர் என்னும் கொள்கையினர். அவர் வழியில் கோத்திய இனத்தார் அக்கொள்கையோடு மேற்கே சென்று இத்தாலியையும் ஸ்பெயினையும் ஆண்டார்கள். 580இல் ஸ்பெயினின் விசிகோத்திய அரசர் லெயோவிகில்டு, தோலேதோவில் தம் ஆயர்களைக் கூட்டி, கத்தோலிக்கர் தம் பக்கம் வருவதை எளிதாக்கினார்: மறுதிருமுழுக்கு வேண்டாம்; கைவைத்து ஆசீர்பெற்று, நற்கருணை வாங்கி, பிதாவுக்கு, குமாரன் வழியாக, பரிசுத்த ஆவியில் மகிமை சொன்னால் போதும். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 589இல் அதே நகரில், அவர் மகன் ரெக்காரெது திரித்துவ நம்பிக்கையை வெளிப்படையாக அறிக்கையிட்டபோது கூடிய சங்கம், 381இன் பிரமாணத்தை நாட்டின் எல்லா ஆலயங்களிலும் திருப்பலியில், ஆண்டவர் கற்பித்த செபத்துக்கு முன் மக்கள் அனைவரும் உரத்த குரலில் சொல்ல வேண்டும் என்று விதித்தது.